கடைசித் தூண்

"அவரு வருவாரு. வராம இருக்க மாட்டாரு" என்றார் மணப்பெண்ணின் மாமா. மண்டபத்தின் பின்பக்கப் படிக்கட்டில், காலி நாற்காலிகள் அடுக்கியிருந்த இடத்தில், போட்டோ ஸ்டுடியோக்காரனைத் தனியாகக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார். அவருக்குப் பின்னால் மணப்பெண்ணின் அம்மா நின்றாள். கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். "வந்தா வரட்டும், சாப்பிட்டுட்டுப் போகட்டும். இந்த நாள்ல சண்டை வேண்டாம். ஆனா ஒரு படத்துலகூட அந்த மூஞ்சி விழக் கூடாது தம்பி. பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்ப விட்டுட்டுப் போன ஆளு. ஆல்பத்தைத் திறக்கிறப்ப எல்லாம் என் தங்கச்சி மறுபடி அழணுமா?"

"கவலையை விடுங்க சார்" என்றான் ஸ்டுடியோக்காரன். அவன் எந்த வீட்டிலும் இப்படித்தான் சொல்வான். பிறகு பக்கத்தில் விளக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம் திரும்பி, "அக்கா, இது உங்க பொறுப்பு" என்றான்.

அக்காவுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை அவள் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஒரு மனிதரை ஒதுக்கி வை என்று சொன்னபோது, தன்னை நம்பி ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவள் அக்கா. முதலாளியான ஸ்டுடியோக்காரனே அவளைவிட மிகவும் இளையவன். அவள் கல்யாணம் முடிந்த நாளிலிருந்து ஒரு துணிக்கடையில் நின்றவள். கடையை மூடியதும் வேலை தேடி அலைந்தபோது, மணப்பெண்களின் உடையைக் கூச்சமில்லாமல் தொட்டுச் சரிசெய்ய ஒரு பெண் ஆள் வேண்டும் என்று அவன் தேடிக்கொண்டிருந்தான். அப்படி வந்தவள்தான். கணவர் வாகனப் பட்டறையில் மெக்கானிக். "நம்ம கல்யாணத்துல எடுத்த ஒரே படத்துல நான் கண்ணை மூடிட்டு நிக்கிறேன். நீ அன்னைக்கே இந்தத் தொழிலுக்கு வந்திருக்கக் கூடாதா?" என்று முதல் நாள் அவளைக் கிண்டல் செய்து அனுப்பினார்.

வந்த புதிதில் வயரைச் சுருட்டவும் விளக்கைத் தூக்கவும்தான் விட்டான். பிறகு ரிஃப்ளெக்டரைக் கையில் கொடுத்தான். வெளிச்சத்தை வாங்கி முகத்தின் மேல் திருப்பிவிடும் வெள்ளி வட்டம் அது. ஒரு சாண் சாய்த்தால் மணப்பெண் தேவதை, ஒரு சாண் நிமிர்த்தினால் காய்ச்சல்காரி. அதற்குப் பிறகு, சொந்தக்காரர்களை மேய்க்கக் கற்றுக்கொண்டாள். உயரமானவர்களைப் பின்வரிசையில் நிறுத்துவது எளிது. உயரமானவர் கோபக்கார மாப்பிள்ளையாக இருந்தால், "நீங்க பின்னாடி நின்னாத்தான் படம் எடுப்பா இருக்கும்" என்று சொல்ல வேண்டும். துணிக்கடையில் நின்ற வாய்க்கு அது தானாகவே வந்தது. போன மாதம்தான் இரண்டாவது கேமராவை அவள் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தான். "படத்துல யாரு இருக்கணும்னு எல்லாருக்கும் தெரியும் அக்கா. எது இருக்கக் கூடாதுன்னு பார்க்குறவன்தான் போட்டோகிராஃபர்" என்றான். மூலையில் கிடக்கும் செருப்பு, பின்னால் கொட்டாவி விடுகிற பெரியவர், யாரோ கீழே வைத்துவிட்டுப் போன காகிதக் கோப்பை. அவள் கண் பழகிவிட்டது. வீட்டில் கணவர் சாப்பிட உட்கார்ந்தால்கூட அவருக்குப் பின்னால் கதவில் தொங்கும் துண்டை எடுத்து மடித்துவைத்துவிட்டு வந்து உட்காருவாள்.

மணப்பெண்ணின் அப்பா வந்ததும் அவரை அடையாளம் காட்ட யாரும் தேவைப்படவில்லை. கல்யாண வீட்டில் நுழைகிறவர்கள் தெரிந்த முகத்தைத் தேடுவார்கள். அவர் தெரிந்த முகங்களை எல்லாம் தவிர்த்துக்கொண்டு சுவரோரமாக நடந்து, கடைசித் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றார். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. மெலிந்த உடம்பு. பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே போட்டுக்கொண்ட புதுச் சட்டை. மடிப்புக் கோடுகள் நெஞ்சில் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. அக்கா கிட்டே போனபோது, காலருக்கு அடியில் குண்டூசி ஒன்று எடுக்கப்படாமல் மினுங்கியது. கடைப் பழக்கத்தில், கேட்காமலேயே கையை நீட்டி அதை உருவினாள்.

"கழுத்துல குத்தியிருக்கும்" என்றாள்.

"ஆமா, வழியெல்லாம் குத்திட்டுத்தான் வந்துச்சு. பதட்டத்துல வேர்க்குதுன்னு நெனச்சேன்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வேலை சுலபமாகப் போய்விடும் என்று தெரிந்தது. இப்படிப்பட்டவர்களைக் கோபப்படுத்தாமல் எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். ஸ்டுடியோக்காரன் மேடையிலிருந்து கூட்டத்தின் பக்கம் கேமராவைத் திருப்பும் போதெல்லாம் அவள் முன்கூட்டியே அதைக் கண்டுகொள்வாள். அவன் தோள் திரும்பும், பிறகுதான் கேமரா. அந்த இடைவெளி போதும். ரிஃப்ளெக்டரைச் சரிசெய்வது போல் அவருக்கு முன்னால் நின்றுவிடுவாள். "இங்க லைட்டு கண்ணுல அடிக்கும், இப்படி வாங்க" என்று தூணுக்குப் பின்னால் அழைத்துக்கொள்வாள். அவரும் வந்தார். தூணுக்குப் பின்னால் நின்றபடி கழுத்தை மட்டும் நீட்டி மேடையைப் பார்த்தார்.

பேச்சுக் கொடுத்தால் ஆள் நகராது என்பதும் தொழில்தான். என்ன வேலை செய்கிறார் என்று கேட்டாள். லிஃப்ட் ரிப்பேர் என்றார். "மேல போறவன், கீழ போறவன் பிரச்சினையெல்லாம் நமக்கு இல்ல. நடுவுல மாட்டிக்கிட்டவனை எடுத்து விடற வேலை." அவர் சொன்னதற்கு அவள் சிரித்தாள். ஆனால் கண் மேடை மீதே இருந்தது. அவர் இன்னும் என்னென்னவோ சொன்னார். எந்த ஊரிலோ இருப்பதாக, ஒற்றை அறை என்பதாக, மகள் கூப்பிட்டபோது போனைக் கீழே போட்டுவிட்டதாக. அவள் "ம்" கொட்டினாள். "அப்படியா" என்றாள். ஸ்டுடியோக்காரனின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணமக்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் நேரம் வந்ததும் கூட்டம் எழுந்து முன்னால் போனது. கடைசித் தூணிலிருந்து வெறும் முதுகுகள்தான் தெரிந்தன. அவர் எக்கி எக்கிப் பார்த்தார். நான்கு அடி முன்னால் வைக்கப் போனார். அந்த நான்கடி அவரை நேராகப் படத்துக்குள் கொண்டுபோய்விடும். அக்கா யோசிக்காமல் கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"இதுல பாருங்க. தூரத்துல இருக்குறது கிட்ட வரும்."

அவர் அதைத் தூங்குகிற குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு, "சிரிக்கிறா" என்றார். அதற்குள் விரல் எதன் மேலோ பட்டு, கேமரா சத்தம் போட்டது. திடுக்கிட்டு, "ஐயோ, எதையோ அமுக்கிட்டேம்மா" என்றார். "பரவாயில்ல, அமுக்குங்க" என்றாள் அக்கா. அவர் இன்னும் சில முறை அமுக்கினார். ஒவ்வொரு முறையும் சத்தம் வந்தபின் கேமராவைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, அதற்கு வலிக்கவில்லையே என்பது போலப் பார்த்தார்.

குடும்பப் படத்துக்குக் கூப்பிட்டார்கள். பெண் வீட்டார் எல்லாரும் மேடைக்கு வாங்க என்று மாமாவே ஒலிபெருக்கியில் சொன்னார். தூணுக்குப் பக்கத்தில் நின்றவர் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டையை இரண்டு கையாலும் நீவிவிட்டுக்கொண்டார். மேடையில் மணப்பெண் தலையைத் திருப்பிக் கூட்டத்தில் யாரையோ தேடினாள். அக்கா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அவருக்கும் மேடைக்கும் நடுவே வந்து நின்றாள்.

"வாங்க, தண்ணி குடிச்சிட்டு வரலாம். ரொம்ப நேரமா நிக்கிறீங்க."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் இருந்த குழாய் வரைக்கும் பின்னாலேயே வந்து, அவள் பிடித்துக் கொடுத்த தம்ளரை வாங்கிக் குடித்தார். இன்னொன்று பிடித்து நீட்டினாள். அதையும் குடித்தார். மூன்றாவதை நீட்டியபோது, "அவங்க படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் எவ்வளவு தண்ணிம்மா குடிக்கணும்?" என்று கேட்டார்.

அக்காவுக்குக் காது வரைக்கும் சூடேறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவரே, "விடுங்க. உங்க வேலை அது" என்று சொல்லி, தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே போனார். சாப்பிடவில்லை. தெருவில் போகிறவர்களோடு போகிறவராக அவர் கலந்துபோகும்வரை அவள் வாசலிலேயே நின்றாள். மேடைக்குத் திரும்பியபோது குடும்பப் படம் முடிந்து, மாப்பிள்ளையின் நண்பர்கள் ஏறியிருந்தார்கள்.

"அக்கா, நீங்க பெரிய ஆளு!" என்றான் ஸ்டுடியோக்காரன், மறுநாள் படங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு. "சல்லடை போட்டுத் தேடியாச்சு. ஒண்ணுலகூட அவரு இல்ல." அந்த வாரம் படங்களைக் கழிக்கும் வேலையையும் அவளிடமே விட்டான். இருந்த படங்களில் பாதிக்கு மேல் தள்ள வேண்டியவை. கண் மூடியது, வாய் திறந்தது, கை ஆடியது. "முகம் தெளிவா இல்லையா, யோசிக்காதீங்க, தூக்கிடுங்க. பாவம் பார்த்தா இந்த வேலை ஆகாது" என்று சொல்லிக்கொடுத்திருந்தான். இரண்டாவது கேமராவின் படங்களில் அவர் எடுத்தவை வந்தன. ஒன்றில் மண்டபத்தின் கூரை. ஒன்றில் யாருடைய தோளோ. மற்றவற்றில் எல்லாம் சாய்ந்து கிடந்த மேடையும் அதில் மணப்பெண்ணும். ஒரு படத்தில் முன்னால் இருந்தவரின் காது மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது. அதற்கு அப்பால், புகைக்குள் நிற்பவள் போல, மணப்பெண் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்காவின் விரல் அதில் சற்று நின்றது. பிறகு அழித்தது. அன்றைக்கு அவளுக்கு அது தெளிவில்லாத ஒரு படம், அவ்வளவுதான்.

வீட்டில் அதைப் பற்றி அவள் சொன்னது தண்ணீர் விஷயத்தை மட்டும்தான். கணவர் சாப்பிட்ட தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே கேட்டார். "நீ என்ன பண்ணுவ, சொன்னதைச் செஞ்ச" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா மூணாவது தம்ளரை நீட்டியிருக்க வேண்டாம்" என்றார்.

மணப்பெண் ஸ்டுடியோவுக்கு வந்தது மழைக்காலம் முடியும் சமயத்தில். மருந்துக்கடைக்கு மேலே இருந்த சின்ன மாடி அது. மாடிப்படி ஏறி வந்தவளை அக்காவுக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அலங்காரம் இல்லாத முகம், பின்னி விட்ட முடி. கதவருகிலேயே நின்றுகொண்டு, "எங்க அப்பா போயிட்டாரு" என்றாள். ஏதோ பொருளை மறந்து வைத்துவிட்டதைச் சொல்கிற குரலில் சொன்னாள். "போன வாரம். அவரு தங்கியிருந்த எடத்துல இருந்து போன் வந்துச்சு. அவரோட படம் ஒண்ணு வேணும். பழசெல்லாம் அம்மா எப்பவோ கிழிச்சுட்டாங்க. அவரு ரூம்லயும் ஒண்ணும் இல்ல. கல்யாணத்துக்கு வந்திருந்தாரு. ஆல்பத்துல இல்ல. உங்ககிட்ட மிச்சப் படங்கள் இருக்கும்ல, எங்கயாவது ஓரத்துல..."

ஸ்டுடியோக்காரன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். கம்ப்யூட்டரைத் திறந்தான். மூவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். கூட்டத்தின் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசித் தூண் வந்த இடமெல்லாம் அக்கா வந்தாள். அவள் முதுகு, அவள் தூக்கிப் பிடித்த ரிஃப்ளெக்டர், அவள் முழங்கை. தன்னை இத்தனை படங்களில் அவள் பார்த்ததே இல்லை. ஒன்றில் தூணை ஒட்டி ஒரு சட்டைக் கை தெரிந்தது. மணப்பெண் சட்டென்று முன்னால் குனிந்தாள். பெரிதாக்கிப் பார்த்தால் அது பரிமாறுகிறவரின் கை. ஸ்டுடியோக்காரன் மவுஸை உருட்டுவதை நிறுத்தினான்.

"இங்கதான் நிக்கிறேன்னு சொன்னாரு" என்றாள் மணப்பெண். "நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன். மாமாவுக்குப் பிடிக்காது, பின்னாடி நின்னுட்டுப் போறேன், நீ திரும்பிப் பார்த்தா போதும்னாரு. நான் எத்தனையோ தடவ பார்த்தேன். பார்க்கறப்ப எல்லாம் நீங்கதான் தெரிஞ்சீங்க."

அதைக் குற்றச்சாட்டாக அவள் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அதனால்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. மாமா படிக்கட்டில் சொன்னதை அவள் சொல்லிவிட்டாள். ஸ்டுடியோக்காரன் இடையில் "அக்கா" என்று மெல்லக் கூப்பிட்டான். அவள் நிறுத்தவில்லை. தூணுக்குப் பின்னால் நிறுத்தியதை, தண்ணீர் கொடுத்ததை, அவர் கேட்ட கேள்வியை, எல்லாவற்றையும் சொன்னாள். மணப்பெண் அழவில்லை. திரையில் இருந்த பரிமாறுகிறவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அன்னைக்கு முழுக்க அவரோட இருந்தது நீங்க மட்டும்தான்" என்றாள் கடைசியில். "என்ன பேசினாரு?"

அக்கா நினைவைத் துழாவினாள். லிஃப்ட் வேலையைச் சொன்னாள். நடுவில் மாட்டிக்கொண்டவர்களை எடுத்துவிடும் வேலை என்று அவர் சொன்னதைச் சொன்னபோது மணப்பெண்ணின் உதடு லேசாக விரிந்தது. குண்டூசியைச் சொன்னாள். மகள் கூப்பிட்டபோது போனைக் கீழே போட்டதைச் சொன்னாள். அதற்கு மேல் இல்லை. ஒரு மனிதர் காலை முழுவதும் தன் பக்கத்தில் நின்று பேசியிருக்கிறார். அவள் "ம்" கொட்டிய இடங்கள்தான் அவளுக்கு நினைவிருந்தன. எந்த ஊர் என்று சொன்னாரே, அது என்ன? மகளைப் பற்றி இன்னும் ஏதோ ஒன்று சிரித்துக்கொண்டே சொன்னார், அது? துணிக்கடையில், என்றோ வந்து போனவளின் அளவுகூட மறக்காதவள் அவள்.

"உங்களைப் படம் எடுத்தாரு" என்றாள் அக்கா. "என் கேமரால. அவரை நகர விடாம இருக்கத்தான் கொடுத்தேன். நிறைய எடுத்தாரு. நான் அழிச்சுட்டேன். தெளிவா இல்லன்னு."

மருந்துக்கடையில் யாரோ மாத்திரை பெயரை உரக்கச் சொல்வது கீழிருந்து கேட்டது. ஸ்டுடியோக்காரன், அழித்ததை மீட்டெடுக்க முடியுமா என்று பார்ப்பதாகச் சொல்லி எழுந்தான். அந்தக் கேமராவின் மெமரி கார்டில் அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணங்கள் ஏறி இறங்கிவிட்டன என்பது அவனுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். இருந்தாலும் அலமாரியைத் திறந்து கார்டுகளைக் கொட்டித் தேட ஆரம்பித்தான்.

"அந்தப் படத்துல எல்லாம் நான் எப்படி இருந்தேன்?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் சொன்னவை எல்லாம் போய்விட்டன. அவள் அழித்தவை மட்டும் ஒன்றுவிடாமல் வந்தன. கூரையைச் சொன்னாள். தோளைச் சொன்னாள். மேடை ஒரு பக்கமாகச் சரிந்து, கப்பல் மாதிரி இருந்ததைச் சொன்னாள். காது விழுந்த படத்துக்கு வந்தபோது, "அதுல நீங்க நேரா பார்த்துட்டு இருந்தீங்க" என்றாள். "அவரை."

மணப்பெண் எழுந்தாள். போகிறாள் என்று அக்கா நினைத்தாள். "எந்த எடம்னு காட்டறீங்களா?" என்றாள் அவள்.

மண்டபம் இரண்டு தெரு தள்ளித்தான். இருவரும் நடந்தே போனார்கள். ஈரத் தரையில் பள்ளம் வந்த இடத்தில் அக்காவின் கை தன்னையறியாமல் நீண்டு மணப்பெண்ணின் ஆடை ஓரத்தைத் தூக்கப் போனது. பாதியிலேயே இழுத்துக்கொண்டாள். மண்டபத்தில் வேறு யாருடைய கல்யாணத்துக்கோ வேலை நடந்துகொண்டிருந்தது. மேடையில் பாதிக்குத் துணி கட்டியிருந்தார்கள். ஏணி மேல் ஒருவர் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். யாரும் இவர்களை எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. அக்கா கடைசித் தூணைக் காட்டினாள். மணப்பெண் அதன் பக்கத்தில் போய் நின்று, முதலில் தூணைத்தான் பார்த்தாள். உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். பிறகு அவரைப் போலவே கழுத்தை நீட்டினாள்.

"இங்க இருந்து மொகம் தெரியுமா?"

"தெரியல" என்றாள் அக்கா. அப்படிச் சொன்ன பிறகு, அதற்கு முகம் தெரியாது என்றும் அர்த்தம் வருகிறதே என்று பட்டது. "இருங்க" என்று சொல்லிவிட்டு, காலி நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போனாள். மேடைப் படிக்கட்டில் ஏறினாள். மணப்பெண் அன்று நின்ற இடம் அவளுக்கு அடி பிசகாமல் தெரியும். அங்கே போய், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், தூணைப் பார்த்துத் திரும்பி நின்றாள். ஏணிக்காரர் எதையோ முடுக்க, தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. கண் கூசியது. தூரத்தில் தூணுக்குப் பக்கத்தில் ஒரு நிழல் எக்கி நிற்பது மட்டும் தெரிந்தது.

"தெரியுதாம்மா?" என்று உரக்கக் கேட்டாள்.

நாற்காலிகளை மார்பு வரை அடுக்கித் தூக்கிக்கொண்டு ஒருவர் கூடத்தின் குறுக்கே வந்தார். அவர் இருவருக்கும் நடுவே மெதுவாகக் கடந்து போனார். அவர் விலகும்வரை அக்கா அசையாமல், கண்ணைச் சிமிட்டாமல், வெளிச்சத்துக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.